தட்டிப் பார்க்க ஒரு மேசை: மண் சிற்பப் பட்டறையைத் திறந்து வைக்கும் நாளுக்கு

என்னிடம் மூன்று வருடம் வேலை பழகிய பெண் ஒருத்தி போன வாரம் போன் செய்தாள். "அக்கா, மாசியில ஒரு ஞாயித்துக்கிழமை, ஜனங்க வந்து பாக்கட்டும்னு நானும் ஸ்டூடியோவைத் திறந்து வைக்கலாம்னு இருக்கேன். ஒரு நூறு பேர் வருவாங்க. என்னென்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"செருப்பை என்ன செய்யச் சொல்லப் போற?" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

நம்ம ஊரில் நிலைப்படியைப் பார்த்ததும் கால் தானாகச் செருப்பை உதறிவிடும். நல்ல பழக்கம்தான். ஆனால் செராமிக் பட்டறையின் தரை வீட்டுத் தரை இல்லை. மண்ணுக்கு மேல் பளபளப்பாகப் பூசும் கிளேஸ் வழிந்து உறைந்த துளி ஒன்று கீழே கிடந்தால் அது கண்ணாடிச் சில்லு. முதல் வருடம் ஒரு பெரியவர் மரியாதையாகச் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, பாதத்தில் ரத்தத்தோடு திரும்பிப் போனார். அதிலிருந்து வாசலில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறது: "செருப்போடு உள்ளே வாருங்கள்." அப்போதும், உள்ளே பாதி முடிந்த ஐயனார் முகம் ஒன்று கண்ணில் பட்டால் வயதானவர்கள் கழற்றத்தான் செய்வார்கள். அதனால் அட்டையை மட்டும் நம்பாமல், வாசலில் ஓர் ஆளையும் நிறுத்துங்கள்.

அவளுக்குப் போனில் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். என் பட்டறை வில்லியனூர் பக்கம், 20 அடிக்கு 30 அடி தகரக் கொட்டகை. அப்பா பானை செய்தவர். கேட்பவர்களுக்கு ஐயனார் குதிரையும் செய்து தருவார். நான் சக்கரத்தில் உட்காருவதில்லை. எருமை, ஆடு, பெண்களின் தலை என்று கையாலேயே கட்டும் சிற்பங்கள்தான் என் வேலை. ஒன்பது முறை பட்டறையைத் திறந்து வைத்திருக்கிறேன். அதில் இரண்டு முறை மிக மோசம்.

நாள் குறிப்பது

ஐப்பசியும் கார்த்திகையும் வேண்டாம். மழையில் மண் காயாது, சந்து சேறாகிவிடும், வருகிறவர்களின் குடை எருமைக் கொம்பில் மாட்டும். மார்கழியில் பனி ஈரம். தை பிறக்கும்வரை எங்கள் தெருவில் எல்லோரும் பொங்கல் பானையில் மூழ்கியிருப்பார்கள், உதவிக்கு ஒரு கை கிடைக்காது. பங்குனி வந்துவிட்டால் தகரக் கூரையின் கீழ் மனிதர் நிற்க முடியாது, பிள்ளைகளுக்குப் பரீட்சை வேறு. ஆக, தை கடைசியிலிருந்து மாசி கடைசி வரைதான் எனக்குத் தோது. அதிலும் நாள்காட்டியைக் கிழித்துப் பார்த்து முகூர்த்த ஞாயிறைத் தள்ளிவிடுங்கள். கல்யாணத்துக்குப் போகிற ஊர் உங்கள் எருமையைப் பார்க்க வராது.

நேரம், காலை பத்து முதல் ஒன்று, மாலை நான்கு முதல் ஏழு. நடுவில் மூன்று மணி நேரம் கதவை மூடியே தீர வேண்டும். முதல் வருடம் பத்திலிருந்து ஆறு வரை ஒரே மூச்சாக வைத்திருந்தேன். மூன்று மணிக்கு ஒருவர் "இது என்ன மெட்டீரியல்?" என்று நல்ல மனதோடுதான் கேட்டார். "மண்ணு. வேற என்ன?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அதையே எழுபதாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாவம், அவர் கேட்டது முதல் தடவை. இப்போதெல்லாம் அந்த இடைவேளையில் சாப்பிட்டுவிட்டு, சாக்கை விரித்து அரை மணி நேரம் படுத்துவிடுவேன்.

மேசை

இனி முக்கியமான விஷயம். உங்களுக்கு ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை மட்டும் செய்யுங்கள்.

அப்பா சந்தையில் பானை விற்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எந்தப் பெண்ணும் பார்த்தவுடன் பானை வாங்கியதில்லை. எடுத்து வெயிலுக்கு நேராகத் தூக்கி, உள்ளே ஒளி புள்ளியாகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் விரல் முட்டியால் ஒரு தட்டு. 'ணங்' என்றால் வாங்கலாம். 'டப்' என்றால் எங்கோ விரிசல், கீழே வைத்துவிடுவார்கள். அப்பா ஒருநாளும் "தொடாதே" என்று சொன்னதில்லை. தட்டாமல் வாங்கினால்தான் அவருக்குச் சந்தேகம் வரும்.

அப்படிப்பட்ட அப்பாவின் மகள், முதல் வருடம் பதினோரு இடத்தில் "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று எழுதி வைத்தேன். எங்கோ கண்காட்சியில் பார்த்தது. ஜனங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி நடந்து, ஏழு நிமிடத்தில் வெளியே போனார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் எல்லா அட்டையையும் கிழித்துப் போட்டுவிட்டு, வாசலை ஒட்டி ஒரு மேசை போட்டேன். அதன் மேல் கோணிச் சாக்கு. அதில் இருக்கும் எதையும் எடுக்கலாம், தட்டலாம், உடைக்கவும் உடைக்கலாம். அங்கே கையின் ஆசை தீர்ந்துவிட்டால், உள்ளே போனதும் கை தானாக அடங்கும். ஒன்பது வருடத்தில் நான் கண்டுபிடித்தது இந்த ஒன்றைத்தான்.

என் மேசையில் நான்கு வகை இருக்கும்.

முதலில் ஆட்டுத் தலைகள். ஒரே பிளாஸ்டர் அச்சில் எடுத்த மூன்று தலை. ஒன்று காலையில் எடுத்த ஈரம், ஒன்று காய்ந்தது, ஒன்று 1250 டிகிரியில் சுட்டது. என் மண் கலவை மொத்தத்தில் 12 சதவீதம் சுருங்கும். 30 சென்டிமீட்டர் தலை சூளையிலிருந்து வரும்போது 26 சொச்சம்தான் இருக்கும். பக்கத்தில் ஓர் அளவுகோலைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். போன வருடம் ஒரு பையன் மூன்றையும் அளந்துவிட்டு, "ஆன்ட்டி, ஆடு இளைச்சிப் போச்சு" என்று கூவினான். நான் சொல்லியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

இரண்டாவது, தட்டிப் பார்க்கும் கிண்ணங்கள். சுடாதது ஒன்று, 950 டிகிரியில் ஒருமுறை சுட்டது ஒன்று, 1250இல் சுட்டது ஒன்று, மயிரிழை விரிசல் விட்டது ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு தட்டச் சொல்லி, விரிசல் எதில் என்று கேளுங்கள். இளசுகள் திணறுவார்கள், ஆயாக்கள் ஒருநாளும் தப்ப மாட்டார்கள். பேத்திகள் முன்னால் ஜெயித்த ஆயா அப்புறம் உங்கள் பட்டறையை விட்டுக் கிளம்பவே மாட்டார், உங்களுக்குச் சம்பளமில்லாத வழிகாட்டி கிடைத்தாயிற்று. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வையுங்கள். 950இல் சுட்டதன் மேல் ஒரு சொட்டு விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். 1250இல் சுட்டதன் மேல் முத்தாக நிற்கும். சுடாத கிண்ணம் தட்டத் தட்ட உடையும், அதில் மட்டும் ஐந்தாறு கூடுதலாகச் செய்து வையுங்கள்.

மூன்றாவது, அரை எருமை. நான்கு வருடம் முன்பு முதல் சூட்டிலேயே வயிறு வெடித்துப் போன ஒன்றை, ரம்பத்தால் நெடுக அறுத்து வைத்திருக்கிறேன். "உள்ளே கம்பி வெச்சிருக்கீங்களா? கல்லா?" என்று கேட்காதவர்கள் குறைவு. உள்ளே ஒன்றுமே இல்லை, சுற்றிலும் ஒரு விரல் கனம்தான் என்று இதைப் பார்த்தால் புரிந்துவிடும். ஐயனார் குதிரையின் வயிறும் இப்படிக் கூடுதான். கனமான மண்ணில் நடுவில் ஈரம் தங்கிவிட்டால், 100 டிகிரி தாண்டும்போது அது நீராவியாகி, வழி கிடைக்காமல் வெடிக்கும். என் எருமை வெடித்த காரணமும் அதுதான். தோள்பட்டையில் கனம் விட்டுவிட்டேன், காயவும் விடவில்லை. வெடித்த இடத்தைக் கைவைத்துக் காட்டிச் சொல்லுங்கள். தன் தவறை விவரமாகச் சொல்கிற ஆளிடம்தான் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள்.

நான்காவது, கம்பியில் கோத்த கிளேஸ் வில்லைகள், ஒரு நாற்பது. "இது என்ன பெயிண்ட்?" என்ற கேள்விக்கு இதுதான் பதில். கிளேஸ் என்பது மண்ணின் மேல் உருகிப் படிந்த கண்ணாடி. குவார்ட்ஸ் என்ற படிகக்கல் தனியாக உருக 1700 டிகிரி வேண்டும், நம் சூளையில் நடக்காது. அதோடு ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைத் தூளும் சுண்ணாம்புத் தூளும் சேர்த்தால் 1250இலேயே உருகிவிடும். உருகியது வழிந்து ஓடாமல் பிடித்து வைக்கச் சீனாக் களிமண். நிறம் வருவது உலோகத்தால். நான் காட்டுவது செம்புக் கிளேஸ். ஒரே வாளியில் முக்கி எடுத்த இரண்டு வில்லை. காற்று தாராளமாகப் போன சூட்டில் பச்சை, காற்றை அடைத்துப் புகையவிட்ட சூட்டில் சிவப்பு. இரண்டையும் கையில் கொடுத்துவிட்டு "ரெண்டும் ஒரே வாளிதான்" என்று மட்டும் சொல்லுங்கள். நம்ப மாட்டார்கள். நம்பாமல் கேட்கிற அடுத்த கேள்வியிலிருந்துதான் பேச்சே தொடங்கும்.

மற்ற சிற்பங்களை எங்கே வைப்பது? கனமானவை தரையில், அல்லது முழங்கால் உயரப் பலகையில். உயரமாக, அடி குறுகலாக இருப்பவற்றின் வயிற்றுக்குள் மணல் பை. எதுவும் மேசை விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே. உண்மையிலேயே யாரும் தொடக்கூடாது என்றால் குறுக்கே ஒரு பெஞ்சைப் போடுங்கள், அட்டை எழுதாதீர்கள். முதுகுப் பையை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். சிற்பங்களுக்குக் குழந்தைகளைவிடப் பெரிய எதிரி, பையை மாட்டிக்கொண்டு 'ஓ'வென்று திரும்பும் கல்லூரிப் பையன்தான்.

துடைப்பத்தைத் தொடாதீர்கள்

விருந்தாளி வருகிறார் என்றால் நமக்கு முதலில் கை போவது துடைப்பத்துக்கு. இங்கே கூடாது. பட்டறைத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. பெருக்கினால் கண்ணுக்குத் தெரியாத துகள் மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்கும். நுரையீரலுக்குள் போனது திரும்பி வராது, வருடக்கணக்கில் சேர்ந்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய். ஒருநாள் வந்து போகிறவருக்கு அந்த வியாதி வராது, ஆனால் ஆஸ்துமாக்காரருக்கு அன்றைக்கே இழுக்கும். உங்களுக்கோ இது தினசரி.

அதனால் மூன்று நாள் முன்பிருந்து ஈரத் துணிதான். முதல் நாள் அலமாரிகள், மேலிருந்து கீழாக. இரண்டாம் நாள் தரையில் தண்ணீர் ஊற்றித் தேய்த்து வழித்து எடுப்பது. மூன்றாம் நாள் மறுபடி ஒரு துடைப்பு. முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். வழித்த தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள், மண் இறங்கி அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் கொட்டுங்கள்.

கிளேஸ் மருந்துகள் எல்லாம் பூட்டிய அலமாரிக்குள் போக வேண்டும். மாங்கனீஸ், செம்பு, குறிப்பாகப் பேரியம் கார்பனேட். அது எலி மருந்து. பார்க்கக் கோலமாவு மாதிரியே இருக்கும். நான் இப்போது அதை வாங்குவதையே நிறுத்திவிட்டேன்.

மண் பிசையும் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுருட்டி உள்ளே வைத்துவிடுங்கள். கேஸ் சிலிண்டரின் வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். ஏதாவது பிள்ளை திருகிப் பார்க்கும், சந்தேகமே வேண்டாம்.

சூளையை அவர்கள் முன்னால் திறக்கலாமா?

திறக்கலாம். அன்றைய நாளின் உச்சம் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுத் திறக்க வேண்டும்.

என் மோசமான இரண்டு வருடங்களில் ஒன்று இதில்தான். 24 கன அடி கேஸ் சூளை. சனிக்கிழமை விடியற்காலையில்தான் சூடு முடித்தேன். ஞாயிறு பதினொரு மணிக்குத் திறப்பு என்று எல்லோருக்கும் வாட்ஸ்ஆப்பில் சொல்லியாயிற்று. மணி பதினொன்று, மீட்டரில் 250 டிகிரி. நாற்பது பேர் சுற்றி நிற்கிறார்கள், போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். வெட்கத்துக்குப் பயந்து கதவைத் திறந்தேன். குளிர்ந்த காற்று உள்ளே போனதும் 'டிங்' என்று ஒரு சத்தம். எல்லோரும் அழகாக இருக்கிறது என்று கைதட்டினார்கள். என் வயிறு கலங்கியது, அது எருமையின் கழுத்து. அப்புறம் இன்னொரு 'டிங்'. மூன்று உருப்படி போயிற்று.

சுட்ட மண்ணுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் திடீரென்று அளவு மாறும். அதன் இன்னொரு வடிவமான கிறிஸ்டோபலைட் 220-ஐ ஒட்டி மாறும். அந்த இடங்களை மெதுவாகக் கடந்தால் தப்பிக்கும். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் காற்று என்றால் விரியும். சிற்பத்தில் கனமும் மெலிசும் கலந்து இருப்பதால் கிண்ணத்தைவிட ஆபத்து அதிகம். இப்போது என் கணக்கு இது: ஞாயிறு பதினொன்றுக்குத் திறக்க வேண்டுமென்றால் வெள்ளி மதியத்துக்குள் சூட்டை முடிப்பேன். மீட்டர் 100-க்குக் கீழே இறங்காமல் கதவில் கை வைக்க மாட்டேன், ஊரே நின்றாலும் சரி. உங்கள் சூளைக்கு வேறு கணக்கு இருக்கும். இரண்டு மாதம் முன்பிருந்தே ஒவ்வொரு சூட்டின்போதும் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று நோட்டில் எழுதி வாருங்கள்.

முன்னாடியே எட்டிப் பார்த்துவிட்டு, நன்றாக வந்திருந்தால் மட்டும் திறப்புவிழா நடத்துகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. கிளேஸ் ஓடித் தட்டோடு ஒட்டியிருந்தால் அதையும் பார்க்கட்டும். உளியை வைத்துத் தட்டிப் பிரிக்கும்போது நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கேட்டிருக்கிறேன்.

ராக்கு சூடு, அதாவது 1000 டிகிரியில் செக்கச்செவேலென்று இடுக்கியால் எடுத்து மரத்தூளில் போடுவது, படம் பிடிக்க அழகு. முதல் முறை திறப்பவர்கள் அதைச் செய்ய வேண்டாம் என்பேன். செய்தே ஆக வேண்டும் என்றால், பழகிய இரண்டு பேர், பத்தடி தள்ளிக் கயிறு, தண்ணீர் டிரம், மணல் வாளி, உடம்பில் பருத்தித் துணி. துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துச் செருகச் சொல்ல ஒரு பெண்.

பிள்ளைகளுக்கு மண்

பட்டறைக்கு வெளியே, வேப்ப மரத்தடியில் தாழ்வான பலகை போடுங்கள். ஆளுக்கு ஓர் ஆரஞ்சு அளவு மண், சுமார் 200 கிராம். அதிகம் கொடுத்தால் எறிந்து விளையாடுவார்கள். என்ன செய்யலாம் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். பத்தில் ஆறு பிள்ளையார் வரும், மீதி பாம்பு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிறதே, அதுதான் எனக்குப் பிடித்தது. போன வருடம் அப்படி ஒரு குரங்கின் உட்கார்ந்த தோரணையைத் திருடி என் ஆட்டுக்கு வைத்துக்கொண்டேன்.

"சுட்டுத் தருவீங்களா?" என்று பெற்றோர் கேட்பார்கள். மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு வருடம் இளகிப் போய்ச் சரி என்றேன். அறுபது உருண்டைப் பிள்ளையார்களைக் காய வைத்து, பெயர் எழுதி, சுட்டு, பாதி வெடித்து, வெடித்தது யாருடையது என்று பெற்றோருக்கு வாட்ஸ்ஆப்பில் பதில் சொல்லி, சித்திரை வந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டு போகலாம், அல்லது எனக்கே திருப்பித் தரலாம். இரண்டே வழிதான்.

பெரியவர்களுக்கு ஏதாவது செய்து காட்ட வேண்டும். சக்கரம் எங்கே என்றுதான் கேட்பார்கள். பக்கத்துத் தெரு ஆயா ஒருவர் முதல் தடவை வந்தபோது "சக்கரமே இல்லாம என்னடி வேலை இது?" என்றார். நான் எருமையின் காது ஒன்றைச் செய்து காட்டினேன். மண்ணைத் திரியாக உருட்டி, தட்டி, மடித்து, ஒட்டும் இடத்தைக் கீறி, மண் குழம்பு தடவி, அழுத்துவது. பத்தே நிமிடம். சிற்பம் முழுவதையும் கட்டிக் காட்ட முயலாதீர்கள், நின்று பார்ப்பவருக்கு ஒரு தொடக்கமும் முடிவும் வேண்டும். அரை மணிக்கு ஒரு காது என்று அன்றைக்குப் பன்னிரண்டு காது செய்வேன். ஆயா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, போகும்போது சுட்ட எருமையின் வயிற்றில் முட்டியால் ஒரு தட்டு தட்டி, "வெந்திருக்கு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடம் எனக்கு வேறு பாராட்டு தேவைப்படவில்லை.

"மண்ணுதானே, ஏன் இவ்வளவு?"

கேட்பார்கள். கோபம் வரும். வரக்கூடாது. சந்தையில் பானையை இருபது ரூபாய் குறைத்துக் கேட்ட ஜனம்தான் நாம்.

நான் ஒரு எருமையின் பக்கத்தில் மட்டும் ஒரு காகிதம் ஒட்டி வைத்திருப்பேன். மண் 18 கிலோ. கட்டியது 9 நாள். காய்ந்தது 5 வாரம். சூளையில் 2 தடவை. நான்கு செய்தால் ஒன்று உடையும். அவ்வளவுதான், வாதம் கிடையாது. படித்துவிட்டு "ஓ" என்பார்கள், சிலர் அப்போதும் அதிகம்தான் என்பார்கள். அவர்களும் மேசையில் கிண்ணத்தைத் தட்டிவிட்டுப் போகட்டும்.

"இதுல என்ன வைக்கலாம்?" என்பது அடுத்த கேள்வி. எருமையின் முதுகில் துளை போட்டுப் பேனா ஸ்டாண்டாக விற்கலாமே என்று ஒருவர் அன்போடு யோசனை சொன்னார். ஒன்றும் வைக்க முடியாது, சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். "எங்கே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டால் கொஞ்சம் நீளமாகச் சொல்வேன். ஏரி மண்ணை அப்பாவிடம். ஸ்டோன்வேரை, அதாவது அதிகச் சூட்டில் சுடும் கெட்டி மண் வேலையை, புதுச்சேரி கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் படித்து வந்த ஒருவரிடம். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் அதைத் தொடங்கினார்கள், அங்கே படித்தவர்கள் இன்று நாடு முழுக்க வேலை செய்கிறார்கள். மண் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தவர் ரே மீக்கர் என்று சொன்னால் கூட்டத்தில் யாராவது ஒரு கொத்தனார் கண்டிப்பாக முன்னால் வருவார். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருப்பதையும் சொல்வேன். உள்ளூர்க்காரர்களுக்கே பாதிப் பேருக்கு அது தெரியாது.

எல்லாவற்றுக்கும் விலையை எழுதியே வையுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு வாங்காமல் போகிறவர்கள்தான் அதிகம். பெரிய சிற்பம் அன்றைக்கே விற்பது அபூர்வம். என் அனுபவத்தில், மேசையில் அரை எருமையைத் தடவிவிட்டுப் போனவர் ஐந்தாறு மாதம் கழித்துப் போன் செய்வார். அன்றைக்குக் கைக்கு ஏதாவது வேண்டும் என்பவர்களுக்கு 150 ரூபாயில் குருவி, 300இல் ஆட்டுத் தலை, கொஞ்சம் கோணலானவை போட்ட ஒரு கூடை. கியூஆர் அட்டையைக் கொட்டகைக்குள் ஒட்டாதீர்கள், தகரத்தின் கீழ் சிக்னல் வராது. வேப்ப மரத்தில் கட்டுங்கள். சில்லறையும் வையுங்கள். பொதிய வைக்கோல். அப்பா வண்டியில் பானை ஏற்றும்போது வைக்கோல்தான் வைப்பார், குமிழ் பிளாஸ்டிக்கைவிட நன்றாகத் தாங்கும். நன்றாகக் காய்ந்ததாகப் பாருங்கள்.

சில்லறை விஷயங்கள்

கொட்டகைக்குள் ஒரே நேரத்தில் பதினைந்து பேர், மற்றவர்கள் மரத்தடியில். அவர்களுக்குச் சுக்குக் காப்பி, பானைத் தண்ணீர். கழிப்பறை எங்கே என்று அம்பு. மெயின் ரோட்டுத் திருப்பத்திலும் ஓர் அம்பு, போன் வரைபடம் எங்கள் சந்து வயலுக்குள் இருப்பதாகக் காட்டுகிறது. வண்டி நிறுத்தப் பக்கத்து மனைக்காரரிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். அவரையும் தெருவையும் முதல் நாள் மாலையே தனியாக அழைத்துக் காட்டிவிடுவது நல்லது. ஞாயிறு காலை அவர்கள் கோலம் போட்ட வாசலில் யாராவது பைக்கை நிறுத்தியிருப்பார், அப்போது அந்தச் சுக்குக் காப்பி ஞாபகம் வரும்.

ஆட்கள் நான்கு பேர் வேண்டும். வாசலுக்கு ஒன்று, மேசைக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, காசுக்கு ஒன்று. நீங்கள் இந்தக் கணக்கில் கிடையாது. நீங்கள் பேச வேண்டும்.

ஏதாவது உடையும். எனக்கு ஒன்பது முறையில் ஏழு தடவை உடைந்திருக்கிறது. ஒரு பெண் குழந்தை ஆட்டுக் கொம்பைப் பிடித்து இழுத்துவிட்டது. அம்மா அடிக்கக் கை ஓங்கினார். நான் குறுக்கே போய், "கொம்பை அது கைக்கு எட்டுற எடத்துல வெச்சது நான்தாங்க" என்றேன். அது உண்மையும்கூட. அப்புறம் குழந்தையைக் கூட்டிப் போய் மூலையில் இருக்கும் உடைசல் டிரம்மைக் காட்டினேன். அதில் என் ஒரு வருட உடைசல் இருக்கும், கழுத்து வரை. கொம்பை அதன் கையாலேயே உள்ளே போடச் சொன்னேன். யாரிடமும் காசு வாங்காதீர்கள். வற்புறுத்திக் கொடுப்பார்கள், ஒரு குருவியைக் கொடுத்து அதற்குக் காசு வாங்கிக்கொள்ளுங்கள், அவர்கள் மனசும் ஆறும்.

ஏழு மணிக்கு மேல்

கதவை மூடியதும் உட்கார்ந்துவிடாதீர்கள், எழுந்திருக்க முடியாது. முதலில் ஈரத் துணியால் தரையை ஒருமுறை. நூறு ஜோடிச் செருப்பு மிதித்த காய்ந்த மண் காலையில் மாவாகியிருக்கும். அப்புறம் மேசையில் உள்ளவற்றை எண்ணுங்கள். கிளேஸ் வில்லை இரண்டு குறையும், விடுங்கள்.

பிள்ளைகள் விட்டுப் போன பிள்ளையார்களையும் பாம்புகளையும் அன்றைக்கே தண்ணீரில் போடாதீர்கள். அரை ஈர மண் நாள்கணக்கில் கட்டியாகவே கிடக்கும். பலகையில் அப்படியே ஒரு வாரம் காய விடுங்கள். எலும்பு மாதிரி வெளுத்ததும் வாளித் தண்ணீரில் ஒவ்வொன்றாக இறக்கினால், புஸ் புஸ்ஸென்று குமிழி விட்டு, அரை மணி நேரத்தில் தும்பிக்கையும் வயிறும் கரைந்து அடியில் குழம்பாகிவிடும். இரண்டு நாள் கழித்து மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, பிளாஸ்டர் பலகையில் ஊற்றிப் பரப்புங்கள். கையில் ஒட்டாத பதம் வந்ததும் பிசைந்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிடுங்கள். என் அடுத்த எருமை வழக்கமாக அந்த மண்ணில்தான் தொடங்கும்.